பெண் ஆட்சேபிக்கிறாள்

இன்னும் இரண்டு மணி நேரம்கூட இல்லை. ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று தணிகாசலம் காலையிலேயே சொல்லிவிட்டார். ஆவணக் காப்பகத்தில் பழைய காகிதக் கட்டுகளை எடுத்துக் கொடுப்பவர் அவர். முப்பது வருஷத் தூசியில் ஆள் சுக்காகக் காய்ந்திருக்கிறார். இங்கே பேனா கூடாது, பென்சில்தான். தண்ணீர் பாட்டில் கூடாது. போன் பேச வேண்டுமென்றால் வராந்தாவுக்குப் போக வேண்டும். மின்விசிறி உண்டு, காகிதம் பறக்கும் என்று ஒன்றில்தான் வைப்பார்கள். இந்த வேர்வையில், இந்த முழங்கால் வலியோடு, ஐம்பத்தேழு வயதில் நான் வந்து உட்கார்ந்திருப்பது ஒரு கல்யாணத்துக்காக. என் கல்யாணமில்லை, அது ஆகி முப்பத்தைந்து வருஷமாகிறது. என் நாயகி முத்தெழிலுக்கும் லெப்டினன்ட் ஆர்தர் வின்ஃபீல்டுக்கும் இன்று நான் கல்யாணம் செய்துவைத்தாக வேண்டும். மதுநிலா என்ற பெயரில் இருபத்தொன்பது வருஷமாகக் காதல் நாவல் எழுதுகிறவள் நான்; வீட்டில் வேதவல்லி. இந்தத் தடவை வெள்ளைக்காரன் காலத்துக் காதல். வெள்ளிக்கு ஒரு அத்தியாயமாக இணையத்தில் போட்டு நாற்பத்தொன்று முடிந்துவிட்டது. இன்று நாற்பத்திரண்டு, கடைசி. எங்கள் வாசகிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. கடைசி அத்தியாயம் என்றால் கல்யாணம். அதற்குப் பிறகு எபிலாக் என்று ஒரு பின்கதை, அதில் குழந்தை. இரட்டையாக இருந்தால் சிலாக்கியம். இதை மீறியவர்களை மன்னிக்கவே மாட்டார்கள். ஆகவே எந்தச் சர்ச், லெப்டினன்ட் கல்யாணம் கட்டப் பெரிய அதிகாரியிடம் அனுமதி வாங்க வேண்டுமா, மோதிரத்தோடு தாலியும் கட்டலாமா என்று பார்ப்பதற்காக, கதை நடக்கும் ஊர் கண்டோன்மென்ட், 1823, கடிதப் போக்குவரத்து என்று சீட்டு எழுதிக் கொடுத்தேன். வந்த கட்டில் கல்யாணம் எதுவும் இல்லை. ஆஸ்பத்திரிதான் இருந்தது.

ஆராய்ச்சியில் என்னை யாரும் குறை சொல்லிவிட முடியாது. அதாவது, சொல்ல முடியாது என்று இன்று மத்தியானம் இரண்டு மணி வரை நினைத்திருந்தேன். நான்காம் அத்தியாயத்தில் ஆர்தர் தீக்குச்சியைக் கிழித்து விளக்கேற்றினான். கும்பகோணத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு தலைமையாசிரியர் மறுநாளே எழுதிவிட்டார், ‘அம்மையீர், 1823இல் தீப்பெட்டி கிடையாது.’ கிடையாதுதான். மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அன்றிலிருந்து சந்தேகமில்லாமல் எதையும் எழுதுவதில்லை. உருளைக்கிழங்கு அந்த ஊருக்கு வந்துவிட்டதா, ரவிக்கை போட்டிருப்பாளா, பல்லக்குக்கு எத்தனை ஆள், பட்டாளத்துக் கோட்டில் பித்தான் எத்தனை, எல்லாம் பார்த்தேன். வெள்ளைக்காரிகள் எழுதிய காதல் கதைகளையும் விடவில்லை, பழைய புத்தகக் கடையில் கிலோ கணக்கில் வாங்கி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். அவற்றில் நம் பெண்கள் விசிறி வீசிவிட்டு, மூன்றாம் பக்கம் காய்ச்சலில் செத்துப்போவார்கள். அந்த எரிச்சலில்தான் இந்த நாவலையே தொடங்கினேன். என் முத்தெழில் சாகமாட்டாள், அவளை ஒருவன் உயிராக வைத்துக்கொள்வான் என்று. ஆர்தர் நான் சும்மா உண்டாக்கிய ஆளில்லை. அவனுடைய வம்சத்தார் அச்சிட்ட கடிதத் தொகுப்பு ஒன்று இணையத்தில் கிடைத்தது. தன் அக்காவுக்கு எழுதிய கடிதங்கள். வெயில், கொசு, குதிரைக்கு வந்த நோய். நடுவில் ஒரு கடிதத்தில் மூன்றே வாக்கியம். ‘முத்து என்ற பெண்ணை என் சொந்த உத்தரவின் பேரில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன். தினமும் போய்ப் பார்க்கிறேன். முழுவதும் குணமாகும் வரை எக்காரணம் கொண்டும் வெளியே விடக்கூடாது என்று டாக்டரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.’ படித்ததும் அழுதுவிட்டேன், பொய் சொல்லவில்லை. இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரன், ஒரு கறுத்த பெண்ணுக்காக, தினமும். இந்த மூன்று வாக்கியத்திலிருந்து ஆறு அத்தியாயம் வந்தது. பதினேழிலிருந்து இருபத்திரண்டு வரை ஆஸ்பத்திரிதான். முத்து என்ற பெயரை முத்தெழில் ஆக்கினேன். ஆர்தர் இரவெல்லாம் கண் விழித்து அவள் நெற்றிக்கு ஈரத்துணி போட்டான். அந்த வாரங்களில் தளம் கூட்டத்தில் திணறிப்போனது என்று அதை நடத்தும் சந்தானம் சார் சொன்னார். அவர்தான் இதைப் புத்தகமாகவும் போடப்போகிறவர். அட்டைப்படம்கூட வரைந்தாகிவிட்டது, மாலையோடு இரண்டு பேரும்.

இப்போது என் முன்னால் இருப்பது அந்த ஆஸ்பத்திரியின் பதிவேடு. மை பழுப்பாகிவிட்டது. இரண்டு ஓரமும் பூச்சி தின்றிருக்கிறது, நடுவில் எழுத்து மட்டும் அப்படியே நிற்கிறது. முதல் பக்கத்திலேயே அது என்ன ஆஸ்பத்திரி என்று எழுதியிருக்கிறான். பட்டாளத்துக்காரர்களுக்குப் பெண்களால் நோய் வருகிறது, ஆகவே கண்டோன்மென்டைச் சுற்றியிருக்கும் பெண்களைப் பிடித்துவந்து சோதித்து அடைத்துவைப்பதற்கான இடம். வாசலில் சிப்பாய் காவல். பட்டாளத்துக்காரனுக்கு நோய் வந்தால் அவனை யாரும் அடைத்துவைத்ததாக இந்தக் கட்டில் இல்லை. இதையெல்லாம் கேள்விப்படாதவளா நான்? எங்கோ படித்திருக்கிறேன், இப்படி ஆஸ்பத்திரிகள் இருந்தன என்று. படித்தது ஒரு பக்கம், ஆர்தர் ஒரு பக்கம். தீப்பெட்டியைச் சரிபார்த்தவள் ஆஸ்பத்திரியைச் சரிபார்க்கவில்லை. பெயர், வயது, யார் உத்தரவு, சேர்ந்த நாள், விட்ட நாள், குறிப்பு. முத்து. பத்தொன்பது. லெப்டினன்ட் வின்ஃபீல்ட். அதே மாதம், கடிதத்தில் போட்டிருந்த அதே வாரம். குறிப்பில் ஆங்கிலத்தில் இரண்டே சொல். பெண் ஆட்சேபிக்கிறாள். அடுத்த வரியில், பத்து நாள் கழித்து வேறு ஒரு கையெழுத்து. சுவரேறிப் போய்விட்டாள், அம்மா வீட்டிலிருந்து பியூன் பிடித்துவந்தான். மறுபடி சோதித்ததில் நோய் எதுவும் காணப்படவில்லை. அதற்குப் பிறகும் முப்பத்தேழு நாள். நாற்பத்தேழாம் நாள் விடுவிக்கப்பட்டு லெப்டினன்ட் வீட்டுக்கு அனுப்பப்பட்டாள். அவ்வளவுதான் முத்து. நான் அவளுக்கு நாற்பத்தொரு அத்தியாயம் எழுதியிருக்கிறேன், அவளைப் பற்றி அவள் காலத்தில் எழுதப்பட்டது நான்கு வரி. அந்த நான்கில் அவள் பேசியது ஒன்றுதான், அதையும் வேறொருத்தன் எழுதியிருக்கிறான். என்ன சொல்லி ஆட்சேபித்திருப்பாள்? யார் மொழிபெயர்த்திருப்பான்? எழுதினவன் அன்றைக்கு என்ன அலுப்பில் இருந்தானோ, மற்ற பெண்கள் யாருக்கும் அப்படி ஒரு குறிப்பே இல்லை. ஒருவேளை எல்லாரும்தான் ஆட்சேபித்திருப்பார்கள், இவள் கொஞ்சம் சத்தமாக. விசிறி கிறீச் கிறீச்சென்று ஒரே இடத்தில் இடிக்கிறது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். துடைத்தால் வேறு மாதிரி தெரியும் என்று ஒரு நப்பாசை.

பையில் போன் அதிர்ந்தது. வராந்தாவுக்குப் போனேன். அவர்தான். என் வீட்டுக்காரர், ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற மனுஷர், ஆறு வருஷமாக வீட்டில்தான். “வேதா, பிரிட்ஜுல ரெண்டு டப்பா இருக்கு, எது தயிர்?” என்றார். “தெறந்து பாத்தா தெரியும்ங்க.” “ஒண்ணு மாவு மாதிரி இருக்கு.” “அது மாவுதான்.” மூன்றரை மணிக்கு இவர் இன்னும் சாப்பிடாமல் இருந்திருக்கிறார். “நீ சாப்ட்டியா? வெயில்ல பஸ்ஸுக்கு நிக்காத, ஆட்டோ எடுத்துக்க. முட்டிவலி இருக்கில்ல,” என்றார். நல்லவர். முப்பத்தைந்து வருஷத்தில் என்னைக் கை நீட்டி அடித்ததில்லை, ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. என் அக்காக்களுக்கு அமைந்ததைப் பார்த்தவள் நான், ஆகவே இதைச் சும்மா சொல்லவில்லை. போனை வைத்த பிறகும் வராந்தாச் சுவரில் சாய்ந்து நின்றேன். சுவர் சூடாக இருந்தது. அந்த நர்சிங் ஹோமிலும் சுவர் இப்படித்தான் இருந்தது, திருச்சியில், சித்திரை மாதம், 1994. எனக்கு இருபத்தேழு. பெரியவளுக்கு நான்கு வயது, சின்னவளுக்கு ஒன்றரை. மூன்றாவது வயிற்றில், மூன்று மாதம். செக்கப் என்றுதான் அழைத்துப்போனார். டாக்டரம்மா அவருக்குத் தெரிந்தவர். ஊசி போட்டார்கள். விழித்தபோது வயிற்றில் கட்டு, இவர் தலைமாட்டில் ஸ்டூலில் உட்கார்ந்து ஹார்லிக்ஸ் ஆற்றிக்கொண்டிருந்தார். கலைத்தாகிவிட்டது, கையோடு குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனும் ஆகிவிட்டது, இனிமேல் கவலையில்லை என்றார். ‘உன் உடம்பு தாங்காதும்மா, உன் நல்லதுக்குத்தான்.’ பத்து நாள் கூடவே இருந்தார். லீவு போட்டுவிட்டு. தலை வாரிவிட்டார், பின்னத் தெரியாமல் பின்னிவிட்டார். அடுத்த கட்டில்காரி புருஷன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ‘குடுத்து வச்சவம்மா நீ’ என்று நர்ஸிலிருந்து கூட்டுகிறவள் வரை சொன்னார்கள். நானும் அதையேதான் சொல்லிக்கொண்டேன். அந்த வருஷம்தான் முதல் கதை எழுதினேன், ஆஸ்பத்திரியில் மனைவிக்குத் தலைவாரிவிடும் ஒருத்தனைப் பற்றி. ஒரு வாரப் பத்திரிகையில் பரிசு கிடைத்தது. அதற்கப்புறம் அறுபத்தொரு நாவல். அறுபத்தொன்றிலும் ஒரு ஆஸ்பத்திரிக் காட்சி உண்டு. அதை வாசகிகள் மதுநிலா டச் என்பார்கள்.

வாட்ஸப்பில் ஹெப்சிபாவின் குரல்செய்தி ஒன்று கிடந்தது. பாளையங்கோட்டைப் பக்கத்துப் பெண், மஸ்கட்டில் நர்ஸ், நேரில் பார்த்ததில்லை. வெள்ளி தவறாமல் முதல் கமென்ட் அவளுடையதுதான். காதில் வைத்துக் கேட்டேன். “மதுக்கா, இன்னைக்கி எனக்கு லீவு. ரூம்ல எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு ஒக்காந்திருக்கேன், கல்யாணத்துக்குப் போற மாதிரி தலைக்குக் குளிச்சாச்சு, சிரிக்காதிய. எக்கா, ஒரு விஷயம் சொல்லணும். நான் ரெண்டாவது பிள்ளைக்கிக் கிழிச்சு எடுத்தப்ப ஆஸ்பத்திரில பதினோரு நாள் கெடந்தேன். எனக்கு வாச்சவன் வந்து எட்டிக்கூடப் பாக்கல. ஒங்க ஆர்தர் டெய்லி வந்து பாக்கான் பாத்தியளா, வெளிய விடாதன்னு டாக்டர்கிட்ட சண்ட போடுதான் பாத்தியளா, அதுல விழுந்தவதான் நான். கல்யாணத்த நல்லா வச்சிருங்கக்கா. சேலை மட்டும் நல்ல அரக்குல வைங்க.” இரண்டு தரம் கேட்டேன். இந்தப் பெண்ணுக்கு நான் என்ன பதில் சொல்வது? வரவேயில்லை என்று ஒருத்தி அழுகிறாள், தினமும் வந்தான் என்று நான் எழுதினேன். எதற்கு வந்தான் என்று கேட்க எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. பார்க்க வந்தவன், தப்பிப் போகவில்லையே என்று பார்க்க வந்தான். காவல்காரன்கூடத்தான் தினமும் வருகிறான். இதை ஹெப்சிபாவிடம் சொல்ல முடியுமா, தலைக்குக் குளித்துவிட்டு உட்கார்ந்திருப்பவளிடம்? சொல்லாமல் இருப்பதற்கும் வழி இருக்கிறது. கட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. இந்தப் பதிவேட்டை எத்தனை பேர் பார்க்கப் போகிறார்கள்? என்னுடையது கதை, சரித்திரமில்லை. கும்பகோணத்துத் தலைமையாசிரியருக்குக்கூட இது தெரிய வராது. இரண்டு பேரையும் சர்ச்சுக்குக் கூட்டிப்போய், அரக்குச் சேலை கட்டி, மோதிரம் மாட்டி, மழை பெய்யவைத்து, வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். எனக்கு உண்மையிலேயே அசதியாக இருக்கிறது. எலும்புக்குள் இருக்கிற அசதி. ஒரு பெண்ணுக்கு நியாயம் செய்ய வேண்டும் என்று நினைத்தாலே தலை சுற்றுகிறது, அவளோ செத்து இருநூறு வருஷமாகிறது.

திரும்ப உள்ளே வந்து எழுதிப்பார்த்தேன். ‘சர்ச் மணி ஒலித்தது. அரக்குப் பட்டில் முத்தெழில்.’ கை பழக்கத்தில் ஓடுகிறது, அறுபத்தொரு தரம் எழுதிய கை. ‘ஆர்தர் அவள் கையைப் பற்றினான்.’ பற்றினான் என்று எழுதியதும் பியூன் ஞாபகம் வந்தது. அம்மா வீட்டிலிருந்து எப்படிப் பிடித்துவந்திருப்பான், மணிக்கட்டைப் பிடித்தா, முடியைப் பிடித்தா? அந்த அம்மாக்காரி பின்னாலேயே எவ்வளவு தூரம் ஓடி வந்திருப்பாள்? அந்த வரியை அடித்தேன். இங்கே அடிப்பதற்கும் பென்சில்தான், சாம்பல் நிறக் கோடு, கீழே எழுதியது அப்படியே தெரிகிறது. சரி, ஆர்தர் பக்கத்தைப் பார்ப்போம் என்று எனக்கு நானே வக்கீலானேன். ஒருவேளை அவனுக்கு உண்மையிலேயே பிரியம் இருந்திருக்கலாம். அவள் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் சேர்த்திருக்கலாம். அக்காவுக்கு எழுதிய கடிதத்தில் பெருமையாகத்தானே எழுதியிருக்கிறான், ஒளிக்கவில்லையே. அந்த இடத்தில் என் வக்கீல் வாதம் நின்றுவிட்டது. அவன் ஒளிக்கவில்லை. ஒளிக்க வேண்டிய காரியம் என்றே அவனுக்குத் தோன்றவில்லை. இவரும் ஒளிக்கவில்லை. உறவுக்காரர்கள் எல்லாரிடமும் சொன்னார், ‘நானே கையெழுத்துப் போட்டு அட்மிட் பண்ணிட்டேன், இவ பயப்படுவா’ என்று. என் அம்மாகூட மாப்பிள்ளை தங்கம் என்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்திருப்பேன். சிரித்தேனா? எவ்வளவு யோசித்தும் என் முகம் எனக்கு ஞாபகம் வரவில்லை, அவர் முகம்தான் வருகிறது, ஹார்லிக்ஸ் ஆற்றும் முகம். விழித்ததும் நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன்? அழுதேன் என்று தெரியும், மயக்க மருந்து தெளியும்போது எல்லாரும் அழுவார்கள் என்று நர்ஸ் சொன்னாள். கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தேன், இரண்டு பேர் பிடித்துப் படுக்க வைத்தார்கள். எங்கே போகப் பார்த்தேன்? இதையெல்லாம் முப்பது வருஷமாக ஒரு தரம்கூட நினைத்ததில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதாவது ஒரு வேளைச் சாப்பாட்டோடு போயிற்று, நான் அறுபத்தொரு பந்தி வைத்திருக்கிறேன். என் குறிப்பில் யாராவது எழுதியிருப்பார்களா, பெண் ஆட்சேபிக்கிறாள் என்று? எழுதியிருக்கமாட்டார்கள். முத்துவுக்கு அந்த இரண்டு சொல்லாவது கிடைத்தது. அது இருந்தால் இப்போது முப்பது வயது. அது என்றுதான் சொல்ல வருகிறது, அவன் அவள் என்று சொல்லிப் பழகவில்லை. பெங்களூரில் ஒருத்தி, கோயம்புத்தூரில் ஒருத்தி, இன்னொன்று, என்று எண்ணிக்கொண்டு போன மனசு அங்கேயே நின்றுவிட்டது. பயமாக இருக்கிறது. இந்த வயதில் இந்த நூலை இழுத்தால் எதுவரை அவிழும் என்று தெரியாது. அவருக்குச் சர்க்கரை, எனக்கு முட்டி. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டுதான் படி இறங்குகிறோம்.

மணி நான்கு அடித்து ஐந்து நிமிஷம். பக்கத்து மேஜையில் ஒருவர் தூங்கிவிட்டார், வாய் திறந்திருந்தது. எழுந்து மறுபடி வராந்தாவுக்குப் போனேன். ஏன் போகிறேன் என்று எனக்கே தெளிவில்லை. ஒருவேளை நான் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கலாம், அவர் கேட்டிருக்கலாம், நான்தான் சரி என்று தலையாட்டி, பிறகு மறந்திருக்கலாம். அப்படி இருந்துவிட்டால் எவ்வளவு நிம்மதி. அவர் அப்படிச் சொல்லிவிட்டால் போதும், நம்பிவிடுவேன், ஆர்தரையும் சேர்த்து மன்னித்து அரக்குச் சேலையை எடுத்துவிடுவேன். நம்புவதற்கு எல்லா ஏற்பாட்டோடும்தான் நம்பரைப் போட்டேன். “என்ன வேதா, கெளம்பிட்டியா?” “இல்லீங்க. ஒண்ணு கேக்கணும். திருச்சில அந்த நர்சிங் ஹோம், ஞாபகம் இருக்கா? மூணாவது.” பின்னால் டிவியில் யாரோ சமையல் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அதைச் சின்னதாக்கினார். “இருக்கு. அதுக்கு என்ன இப்ப? வயிறு ஏதாவது வலிக்குதா?” “வலியெல்லாம் இல்ல. அன்னைக்கு எங்கிட்ட ஏன் ஒரு வார்த்தை கேக்கல?” கேட்டுவிட்டேன். என் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, தயிர் எங்கே என்கிற மாதிரி. மறுக்கமாட்டாரா, ‘கேட்டேனே’ என்று ஒரு பொய் சொல்லமாட்டாரா என்று வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டேன். அவருக்குப் பொய் சொல்ல வராது. அது எப்போதுமே எனக்குப் பெருமையாக இருந்தது. “கேட்டா நீ வேணாம்னு சொல்லியிருப்பியே,” என்றார். கோபமில்லை, ஒரு தயக்கம்கூட இல்லை. சின்னப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தருகிற மாதிரி, அவ்வளவு மெதுவாக. “அப்ப உடம்பு எவ்ளோ வீக்கா இருந்த. உனக்குத் தெரியுமா, எனக்குத்தான் தெரியும்.” அவர் பதிலை எதிர்பார்க்கவில்லை. “கதைய முடிச்சிட்டியா? ஆறு மணிக்குள்ள குடுத்தாதான் நான் டைப் அடிச்சு ஏத்த முடியும். உன் கையெழுத்த என்னத் தவிர வேற யாரு படிக்கறது,” என்று சிரித்தார். சரி என்றேன்.

உள்ளே வந்து உட்கார்ந்தேன். அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. கோபம்தான் வந்தது. அதுவும் பெரிய கோபமில்லை, களைத்துப்போன கோபம், ரொம்ப தூரம் நடந்து இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது. அந்தப் பதிவேட்டை ஒரு தரம் மூடிவிட்டுத் திரும்பத் திறந்தேன். சந்தானம் சார் அட்டைப்படம் என்னாவது என்று குதிப்பார். நாளைக் காலை கமென்ட் பகுதியைத் திறக்க முடியாது. ஹெப்சிபா என்னோடு பேசமாட்டாள். அவளுக்கு நான் தனியாக எழுத வேண்டும், என்ன எழுதுவது என்று இப்போது தெரியவில்லை. புதுத் தாளில் நாற்பத்திரண்டு என்று போட்டேன். நாற்பத்தேழாம் நாள், ஆஸ்பத்திரி வாசல், சிப்பாய் கதவைத் திறக்கிறான், ஆர்தர் குதிரையை விட்டு இறங்குகிறான். பதினேழிலிருந்து இருபத்திரண்டு வரை நான் எழுதாமல் விட்டது எல்லாம், சுவரேறிய இரவு, பியூன், அம்மா, வாசலில் நிற்கும் இந்த ஒரு நிமிஷத்துக்குள் அவள் வாயாலேயே வந்தது. நான் தேட வேண்டியிருக்கவில்லை. கை வலித்தது, நிறுத்தவில்லை. எப்போதையும் விடக் குறைவாகத்தான் எழுதினேன், வர்ணனை ஒன்றும் வரவில்லை. முத்து என்றே எழுதிக்கொண்டு போனேன், முத்தெழில் என்று எழுதக் கை வரவில்லை. நாற்பத்தொரு அத்தியாயமாக ஒரு பெயர், கடைசியில் ஒரு பெயரா என்று கேட்பார்கள். கேட்கட்டும். ‘என்னை ஏன் கேட்கவில்லை?’ என்றாள் முத்து. ஆர்தர் கோபப்படவில்லை. அவனுக்குக் கோபம் வந்ததாக நான் இதுவரை ஒரு இடத்திலும் எழுதியதில்லை. அவள் தோளில் கைவைத்து, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னான், ‘கேட்டிருந்தால் நீ வேண்டாம் என்று சொல்லியிருப்பாயே.’ அந்த இடத்தில் தணிகாசலம் மேஜைக்கு வந்துவிட்டார். “ம்மா, டைம் ஆயிடுச்சு. கட்டக் குடுங்க, நான் கணக்கு பாத்து உள்ள வைக்கணும்,” என்றார். கட்டை அவர் பக்கம் நகர்த்தினேன். “ஒரே ஒரு வரிங்க, எழுதிட்டு எந்திரிச்சிர்றேன்,” என்றேன். அவர் துணியைச் சுற்றி நாடாவை முடிச்சுப் போடத் தொடங்கினார். ‘ஆமாம், வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அது தெரிந்துதானே நீ கேட்கவில்லை?’ என்றாள் முத்து. வீட்டில் தட்டச்சு செய்யும்போது என் வீட்டுக்காரருக்கு எழுத்துப் புரியாமல் போய்விடக் கூடாது என்று, அந்த வரியை மட்டும் பென்சிலை அழுத்தி, நிறுத்தி நிறுத்தி, நல்ல கையெழுத்தில் எழுதினேன்.